மூன்றாவது பெயர்

கழுத்தில் அந்தக் குளிர்ந்த பசையைத் தடவியதும் ஷார்ஷென் போட்ட சத்தத்தில் முற்றத்துக் கோழிகள் ஒரு வாரத்துக்கு முட்டையிடுவதை மறந்திருக்கும்.

"என்னம்மா இது, செத்த மீனைக் கொண்டாந்து தேய்க்கிற மாதிரி இருக்கு? குதிரைக்கு லாடம் அடிக்கிறவன்கூட முதல்ல தட்டிக் கொடுப்பான்."

"அசையாதீங்க ஐயா. போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க," என்றாள் டாக்டர் பெர்மெட்.

நான்கு இலையுதிர் காலமாக அவள் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து கரக்கோலுக்கு வந்துகொண்டிருந்தாள். வயதானவர்களின் கழுத்து ரத்தக் குழாய் எப்படியிருக்கிறது, அதற்கும் ஞாபகம் போவதற்கும் என்ன தொடர்பு என்று ஓர் ஆராய்ச்சி. ஊரில் அறுபத்தைந்தைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்குக் கழுத்தில் பசை தடவியாயிற்று. மீதிப் பாதி, தங்களை ஏன் கூப்பிடவில்லை என்று கோபமாக இருந்தது.

ஷார்ஷென் அந்த ஆராய்ச்சிக்கே ராஜா. இஸ்ஸிக்-குல் ஏரியைச் சுற்றிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் குதிரைக் கொழுப்பு, மதியம் ஆட்டுக் கொழுப்பு, இரண்டுக்கும் நடுவில் வாய் சும்மா இருக்கக் கூடாதே என்று வெண்ணெய். அவருடைய ரத்தக் கொதிப்பைக் குழாய் போட்டு இறக்கியிருந்தால் கரக்கோல் முழுக்க மோட்டார் இல்லாமல் மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏறியிருக்கும். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும்போதெல்லாம், "பாத்தும்மா, டயர் வெடிச்சிரப் போகுது," என்பார்.

அவருடைய மனைவி உல்கான் தேநீர்ப் பாத்திரத்தின் அருகில் உட்கார்ந்து டாக்டரின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடம் இதே வேலையைச் செய்யும்போது பெர்மெட் உலர்ந்த ஆப்ரிகாட்டை மென்றபடி தன் மாமியாரின் குறட்டையைப் பற்றி ஊரே சிரிக்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த வருடமும் வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தாள். கருவியைக் காதுக்குக் கீழே கொண்டுபோனதும் மெல்லுவது நின்றது. ஆப்ரிகாட் ஒரு கன்னத்தில் உப்பலாக ஒதுங்கி, அப்படியே இருந்தது. திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்தது. டாக்டர் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பக் கருவியைக் கொண்டுபோனாள்.

"என்ன, உள்ள ஆள் இருக்கா?" என்றார் ஷார்ஷென்.

"குழாய் சுவரு தடிச்சிருக்கு ஐயா. மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"ஒண்ணுக்கு ரெண்டா."

எல்லோரும் சிரித்தார்கள். உல்கானும் சிரித்தாள். அவர் சொன்னது உண்மை என்று அவளுக்கு மட்டும் தெரியும். சில நாள் இரண்டு, சில நாள் ஒன்றுமில்லை.

"நீங்க தோட்டக்காரங்க, உங்களுக்குப் புரியும்," என்று டாக்டர் உல்கானைப் பார்த்துச் சொன்னாள். "மலையிலேர்ந்து வாய்க்கால் வருது. வண்டல் படிஞ்சுகிட்டே வந்தா முதல் மரத்துக்குத் தண்ணி கிடைச்சிரும். கடைசி மரம்தான் காயும். தலைக்குள்ளயும் அப்படித்தான். பேரு, வழி, முகம் எல்லாம் கடைசி மரங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இந்தத் தடவை ஞாபகத்துல சின்னச் சறுக்கல் தெரிஞ்சாலும் நான் விடப்போறதில்ல. இன்னிக்கே என் வண்டியில ஏத்திட்டுப் போயி தலையை ஸ்கேன் எடுத்துடுவேன். இப்ப பாத்தா ஏதாவது செய்யலாம். வீட்டுல எதாச்சும் வித்தியாசமா நடந்துக்கறாராம்மா?"

உல்கான் வாயைத் திறப்பதற்குள் ஷார்ஷெனின் தம்பி துர்சுன் குறுக்கே விழுந்தான். அண்ணன் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி. அதில் இருந்த ஓட்டை, அவன் தேநீருக்கு வந்து வந்து, கதவு அளவுக்குப் பெரிதாகியிருந்தது.

"இன்னிக்காவது, கூட்டிட்டுப் போறதாவது. நாளைக்கு என் பேத்தி கல்யாணம். இந்த வட்டாரத்துல வாழ்த்துச் சொல்ல இவரை விட்டா ஆள் ஏது? கூடாரத்துக்குச் சொல்லியாச்சு, விருந்துக்கு அறுக்கக் குதிரை வாங்கிக் கட்டியாச்சு. அண்ணனைக் கொண்டுபோறதுன்னா குதிரையையும் சேத்துக் கொண்டுபோம்மா."

வேலிக்கு அந்தப்பக்கம் கட்டியிருந்த பழுப்புக் குதிரை ஓட்டையின் வழியாகத் தலையை நீட்டி இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வந்த நாளிலிருந்தே அது புல்லைத் தின்னாமல் இந்த வீட்டையே பார்த்தது.

"வயசாச்சுல்ல," என்றாள் உல்கான். "முன்னாடி எல்லாம் நான் சொல்றது காதுல விழுந்தும் விழாத மாதிரி இருப்பாரு. இப்ப நிஜமாவே விழறதில்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவள் சொல்லாதது வேறு. கோடையில் ஒரு நாள் அவர் பேருந்துப் பணிமனைக்குப் போய், சக்கரமில்லாமல் கிடந்த பழைய வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பயணிகள் ஏறக் காத்திருந்தார். காவலாளிக்கு ஒரு வாளி ஆப்பிள் கொடுத்து உல்கான் அவன் வாயை அடைத்தாள். போன வாரம் சொந்த வீட்டு வாசலில் நின்று, "நல்லா காய்ச்சிருக்கே, யாரு தோட்டம் இது?" என்று அவளிடமே விசாரித்தார். அவள், "உள்ள வாங்க, தேநீர் குடிச்சிட்டுப் போகலாம்," என்று விருந்தாளியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள். மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

டாக்டர் ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் வைத்தாள். "ஒரு கடிகாரம் வரைங்க ஐயா. பதினொண்ணு பத்து காட்டணும்."

ஷார்ஷென் பென்சிலை வாங்கி வட்டம் போட்டார். அருமையான வட்டம், பேருந்துச் சக்கரம் அதைப் பார்த்தால் வெட்கப்பட்டிருக்கும். பிறகு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் தண்ணீர் கொதித்து அடங்கியது. துர்சுன் ரொட்டியைக் கடிப்பதை நிறுத்தினான்.

"சின்னப்புள்ள வேலை," என்று தாளைத் தள்ளினார். "என் புத்தியைப் பாக்கணும்னா ஏழு தகப்பனைக் கேளு. அது தெரியாதவன் மனுசனே இல்ல."

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை பேச ஆரம்பித்ததும் கற்பது தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மேல்வழி ஏழு தகப்பன்மாரின் பெயர். மற்றவர்கள் அதைச் சொல்வார்கள், ஷார்ஷென் ஓட்டுவார். முதல் கியரில் கிளம்பி, ஒவ்வொருவர் நிறுத்தத்திலும் ஒரு வீரதீரக் கதையை ஏற்றி, ஏழாவது பாட்டனாரிடம் போய் நிறுத்தும்போது கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள்கூடக் கரண்டியோடு வந்து நிற்பார்கள்.

"என் தகப்பன் கசிம், ஓநாயை வெறுங்கையால அறைஞ்சவரு. அவரு தகப்பன் பெரிம்குல், ஒரே மூச்சுல ஒரு தோல்பை நிறையப் புளிச்ச குதிரைப்பால் குமிஸ் குடிச்சவரு. அவரு தகப்பன் எசெங்குல்..."

மேசைக்கடியில் மடக்கிக்கொண்டே வந்த உல்கானின் மூன்றாவது விரல் பாதியில் நின்றது.

ஷார்ஷென் நிற்கவில்லை. தோலோபெர்தி வந்தார், சாதிர் வந்தார், பனிச்சரிவைத் தோளால் தடுத்த போர்பு வந்தார். துர்சுன் கைதட்டினான். பள்ளியில் ஐந்துக்கு மேல் எதையும் எண்ணிப் பழகாதவன் அவன். டாக்டர் வேறு வம்சத்தில் வந்தவள். கதைகளைக் கேட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தாளே தவிர எண்ணவில்லை. இருந்தாலும் வேலையில் கெட்டி.

"அம்மா, சரியாச் சொன்னாரா?"

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து உல்கான் அந்தப் பெயர்களைக் கேட்டு வருகிறாள். தூக்கத்தில் எழுப்பினாலும் வரிசை மாறாது. ஆனால் புருஷன் பெயரோ அவனுடைய மேல்வழியில் ஒருவர் பெயரோ மருமகள் வாயில் வரக் கூடாது. வந்த புதிதில் ஒரு தடவை மாமனார் பெயர் வாய் தவறி வந்துவிட்டது. மாமியார் கையிலிருந்த பால் வாளியைக் கீழே வைத்தாள். அன்று அந்த மலையில் பசுக்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டன. அதற்கப்புறம் உல்கானுக்கு மாமனார் 'பெரிய வீட்டுக்காரர்', அவர் தகப்பன் 'தோல்பைக்காரர்', மூன்றாமவர், குதிரை வாலைப் பிடித்துக்கொண்டு ஏரியை நீந்திக் கடந்தவர், 'நீந்துனவர்'.

ஷார்ஷென் அவளைப் பார்த்தார். வாய் இன்னும் வெற்றிச் சிரிப்பில் இருந்தது. கண் சிரிக்கவில்லை. சந்தைக் கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளையின் கண் அது.

"சரிதான்," என்றாள் உல்கான்.

டாக்டர் வாயிலிருந்த ஆப்ரிகாட்டை அப்போதுதான் மென்று விழுங்கினாள். "அப்ப இன்னிக்கு அவசரமில்ல. படங்களைப் பெரிய டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போன் பண்றேன்." அவளுடைய வண்டியின் பின்னிருக்கையில் துர்சுன் ஒரு மூட்டை ஆப்பிளையும் ஒரு முழுக் குதிரைக்கறித் தொத்திறைச்சியையும் போட்டான். ரத்தக் குழாய் டாக்டருக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு கிடையாது.

வண்டி தெருமுனை திரும்பியதும் ஷார்ஷென் சமையலறைக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே எதையாவது கேட்டுக் கத்துவார். இப்போது சத்தமில்லாமல் வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, ஏணியில ஒரு படி இல்லாத மாதிரி இருந்துச்சு."

உல்கான் மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"யாரையோ விட்டுட்டேன். உனக்குத் தெரியும்ல?"

"ரெண்டாவதுக்கு அப்புறம்," என்றாள் திரும்பாமல்.

"யாரு?"

"நீந்துனவரு."

"தெரியுது. குதிரை வாலு தெரியுது, நனைஞ்ச தாடி தெரியுது. கரையேறினதும் அந்தாளு என்ன திட்டுத் திட்டுனாருங்கிறதுகூடத் தெரியுது. பேரு மட்டும் வரல. சொல்லு."

"நான் எப்படிங்க சொல்றது?"

"இங்க யாரு இருக்கா? அந்தக் குதிரைதான் இருக்கு."

உல்கான் ஜன்னலைப் பார்த்தாள். குதிரை இருந்தது. சுவரைப் பார்த்தாள். அங்கே மாமியார், கண்ணாடிச் சட்டத்துக்குள், செத்துப் பதினைந்து வருடமாகியும் முறைப்புக் குறையாமல் இருந்தாள்.

"சாயங்காலம் நம்ம பையன் மிர்லான் வருவான். அவன் சொல்லுவான். கொஞ்ச நேரம் படுங்க."

"நாளைக்குக் கல்யாணத்துல அத்தனை பேரு முன்னாடி நான் ஆறு தகப்பனோட நிக்கணுமா?" அவர் எழுந்தார். "கடைசி மரத்துக்குத் தண்ணி போகல. போய் வாய்க்காலை வெட்டி விட்டுட்டு வர்றேன். வேலை செஞ்சா வந்துரும்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். சிறிது நேரத்தில் குரல் கேட்டது.

"கசிம். பெரிம்குல்."

மண்வெட்டி மண்ணில் இறங்கும் ஓசை.

"கசிம். பெரிம்குல்."

குளிர்காலக் காலையில் பிடிக்காத என்ஜின் அப்படித்தான் இருமும். சாவியைத் திருகுவார், இருமும், நிற்கும். மறுபடி திருகுவார். மாவில் கை புதைந்தபடி உல்கான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலைத் திறந்து ஒரு சொல்லை வெளியே எறிந்தால் போதும், அவர் எடுத்துக்கொள்வார். இரண்டு தடவை உதட்டைப் பிரித்தாள்.

"கசிம். பெரிம்குல். கசிம்..."

நின்றது.

பிடித்துவிட்டது என்று உல்கான் நினைத்தாள். அவளுக்குத் தோள் லேசாயிற்று. கையைக் கழுவி, அவருக்குப் பிடித்த பெரிய கிண்ணத்தில் பாலும் உப்புமாகத் தேநீர் ஊற்றி, மேலே வெண்ணெய் போட்டாள். வெண்ணெய் உருகிப் பரவும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பெயரைச் சொல்லிக்கொண்டே அவர் உள்ளே வருவார், வந்ததும் துர்சுனைக் கூப்பிட்டு இன்னொரு தடவை முழுசாக ஓட்டிக் காட்டுவார் என்று காத்திருந்தாள். வேலிக்கு அந்தப்பக்கம் குதிரை கனைத்தது.

தேநீரின் மேல் ஆடை படிந்தபோது அவள் வெளியே போனாள்.

மண்வெட்டி நேராக நின்றது. அவர் அதன் காலடியில் கிடந்தார். வெட்டிவிட்ட வாய்க்காலில் தண்ணீர் நன்றாக ஓடி, ஒரு பூட்ஸைச் சுற்றிக்கொண்டு கடைசி மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கண் அவளைப் பார்த்தது. இன்னொன்று ஆப்பிள் கிளையை. வாயின் ஒரு பாதி இறங்கியிருந்தது. மறுபாதி வேலை செய்தது. அது அவளிடம் எதையோ கேட்டது.

உல்கான் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். காதருகே குனிந்தாள். பெயர் நாக்கின் நுனிக்கு வந்தது.

"அண்ணி, என்னாச்சு?" வேலி ஓட்டையில் துர்சுன். அவனுக்குப் பின்னால் கல்யாண வேலைக்கு வந்திருந்த சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள், தெரு, பாதி ஊர்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வந்தபோது அவருடைய வாயின் மறுபாதியும் கேட்பதை நிறுத்தியிருந்தது.

கல்யாணத்துக்கென்று சொல்லி வைத்திருந்த கூடாரம் ஒரு நாள் முன்னதாக, வேலிக்கு இந்தப்பக்கம் எழுந்தது. ஷார்ஷெனைத் திரைக்குப் பின்னால் கிடத்தினார்கள். வெளியே ஆண்கள் இடுப்பில் துணி கட்டி, கம்பை ஊன்றி வரிசையாக நின்று அழுதார்கள். துர்சுன் எல்லோரையும்விட உரக்க அழுதான். அன்று வழியில் போன லாரிகள்கூட ஓரங்கட்டி நின்றன. வண்டியிலிருந்து இறங்கிய மகன் மிர்லானைக் கட்டிக்கொண்டு, "காலையிலகூட ஏழு பேரையும் கடகடன்னு சொன்னாருடா," என்றான். "அப்படி ஒரு ஞாபகம். நல்ல சாவு."

உள்ளே உல்கான், முறைப்படி, கருப்பு உடுத்தி முதுகை வாசலுக்குக் காட்டி, கூடாரத்தின் கம்பளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொன்னாள். ஒப்பாரியிலும் அவருக்குப் பெயரில்லை. மலையே என்றாள், என் கதவே என்றாள், வழி தெரிந்த ஓட்டுநரே என்றாள். அந்த இடத்தில் குரல் ஒரு கணம் தடுமாறியது. பெண்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இடுப்புப் பையில் கைபேசி அதிர்ந்தது. அவள் விட்டுவிட்டாள். மறுபடி அதிர்ந்தது. சுவரைப் பார்த்தபடியே எடுத்துக் காதில் வைத்தாள்.

"அம்மா, பெர்மெட் பேசறேன். படத்தைக் காட்டினேன். ஐயாவை உடனே கொண்டுவரணும், கல்யாணம் கில்யாணமெல்லாம் பாக்காதீங்க. துர்சுன் ஐயாகிட்ட வண்டி இருக்குல்ல?"

"இருக்கு."

"ஞாபகம் நல்லா இருக்கறதுதான் ஒரே தைரியம். ஏழு பேரையும் சொன்னாரே."

"ஆறு பேரு," என்றாள் உல்கான்.

"என்னம்மா?"

"ஆறு பேருதாம்மா சொன்னாரு. ஒருத்தர் குறைஞ்சது."

அதைச் சொல்ல யாருடைய பெயரும் தேவைப்படவில்லை. மறுமுனையில் டாக்டர் ஏதோ கேட்க ஆரம்பித்தாள். அதற்குள் வெளியே புதிதாக வந்த ஆண்கள் வாசலில் நின்று அழத் தொடங்கினார்கள். துர்சுனின் குரல் அவர்களுக்கு மேலே எழுந்தது. கைபேசி அதையெல்லாம் பிஷ்கெக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. டாக்டர் பேச்சை நிறுத்தினாள். பிறகு கைபேசியின் விளக்கு அணைந்தது.

கூடாரத்துக்கு வெளியே துர்சுனின் மனைவி சோனுன் எண்ணெய்ச் சட்டி வைத்து ரொட்டி சுட ஆரம்பித்திருந்தாள். செத்தவரை அழைத்துப்போக அவருடைய ஏழு தகப்பன்மாரும் வருவார்கள் என்று நம்பிக்கை, ஆளுக்கு ஒரு ரொட்டி. காலையில் உல்கான் பிசைந்து வைத்த மாவுதான். காய்ந்த எண்ணெயின் வாசனை கம்பளிச் சுவரைக் கடந்து உள்ளே வந்தது.

"தம்பி, ஓதப் போறேன்," என்று முல்லாவின் குரல் கேட்டது. "உங்க அப்பாவோட ஏழு தகப்பனையும் சொல்லு. அவங்களுக்கும் சேத்து ஓதணும்."

மிர்லான் தொண்டையைச் செருமினான். நாற்பத்தைந்து வயது, தகப்பனின் அதே தடித்த கழுத்து, அதே வெண்ணெய்.

"கசிம்," என்றான். "பெரிம்குல்."

உல்கான் ஒப்பாரியை நிறுத்தினாள்.

"கசிம். பெரிம்குல்..."

எண்ணெய் மட்டும் பொரிந்தது. கம்பளிக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவிலிருந்த சந்து வழியாக அவளுக்கு மகனின் கை தெரிந்தது. காதுக்குக் கீழே, காலையில் டாக்டர் திரும்பத் திரும்பக் கருவியைக் கொண்டுபோன அதே இடத்தை, அவன் விரல்கள் தேய்த்துக்கொண்டிருந்தன.

"கசிம்," என்றான் மூன்றாவது தடவை.

"ஒதுன்சு."

பெரிய குரலில்லை. அடுப்படியில் உப்பு கேட்கும் குரல்தான். ஆனால் கூடாரத்திலிருந்த பெண்கள் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். வெளியே கம்புகள் அசையவில்லை. முல்லா மருமகள் சொன்னதைக் கேட்டாரா, கேட்காதது போல இருந்தாரா தெரியாது, தாடியைத் தடவிக்கொண்டார். துர்சுன் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு, தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எதையோ எண்ணத் தொடங்கினான். மடக்கி முடித்ததும் அண்ணன் கிடந்த பக்கம் திரும்பினான்.

"ஒதுன்சு," என்றான் மிர்லான். "எசெங்குல். தோலோபெர்தி. சாதிர். போர்பு."

முல்லா ஓதினார். ஓதி முடிந்ததும் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து குதிரையை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அது முரண்டு பிடிக்கவில்லை.

சோனுன் தட்டோடு உள்ளே வந்தாள். உல்கானின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்து, தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏழும் சுட்டாச்சு அக்கா. மூணாவது மட்டும் கொஞ்சம் கருகிப்போச்சு. அந்த நேரத்துல நான் சட்டியைக் கவனிக்கல. மாவு இருக்கு, வேற சுட்டுறவா?"

"வேண்டாம்."

உல்கான் அடுக்கிலிருந்து அதை உருவினாள். ஒரு பக்கம் கருத்து, ஒரு பக்கம் பொன்னாக இருந்தது. ஒரு துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். அது இன்னும் சூடாக இருந்தது.